33 வயதில் சட்டக் கல்லூரிக்குப் போகலாமா?

கல்லிடைக்குறிச்சியைச் சேர்ந்த ஒரு தம்பி கேட்ட கேள்விக்கு இது பதில். அவர் மெக்கானிக்கல் பி.இ. முடித்தவர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறார், கைக்கு மாதம் 48,000 ரூபாய் வருகிறது. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, மகளுக்கு ஐந்து வயது. அப்பாவின் வயல் விஷயமாக அம்பாசமுத்திரம் கோர்ட்டுக்கு அலைந்ததில் சட்டத்தின் மீது ஆர்வம் வந்திருக்கிறது. வேலையை விட்டுவிட்டு, திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் மூன்று வருட எல்.எல்.பி. சேரலாமா, இல்லை பி.எட்., எம்.சி.ஏ. மாதிரி ஏதாவது படிக்கலாமா என்பது கேள்வி. "படிக்க வயசெல்லாம் போச்சுங்காவ அண்ணாச்சி" என்று கடைசியில் ஒரு வரி.

தம்பி, வயசுப் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். தமிழ்நாட்டில் மூன்றாண்டு எல்.எல்.பி. சேர்க்கைக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. அந்த வகுப்பில் போய் உட்கார்ந்தால் உங்களைவிட மூத்தவர்கள் இருப்பார்கள். போலீஸ், வருவாய்த்துறை, வங்கி என்று வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு வந்து சேருகிறவர்கள் அங்கே புதிதில்லை. பாளையங்கோட்டையில் நான் வக்கீல் தொழில் பார்க்கிறேன். என் ஆபீஸுக்கு ஜூனியராக வந்தவர்களில், வேறு வேலை பார்த்துவிட்டு வந்தவர்களே கட்சிக்காரரிடம் பொறுமையாகப் பேசுகிறார்கள், வழக்குக் கட்டை ஒழுங்காகப் படித்துவிட்டு வருகிறார்கள். ஆகவே 33 என்பதற்காக யாரும் உங்களைத் தடுக்க வேண்டியதில்லை.

தடுக்கக்கூடியது கணக்கு. கணக்கில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். "மூன்று வருடப் படிப்பு" என்று நினைத்துக்கொண்டு மூன்று வருடத்துக்குப் பணம் சேர்த்து வைக்கிறார்கள். நீங்கள் எண்ண வேண்டியது பட்டம் வாங்குகிற நாள் வரைக்கும் இல்லை, புது வேலையின் வருமானம் குடும்பத்தைத் தாங்கத் தொடங்குகிற நாள் வரைக்கும். எல்.எல்.பி., பி.எட்., எம்.சி.ஏ. மூன்றையும் இந்த ஒரே அளவுகோலால் அளந்து பாருங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எல்.எல்.பி.யை அளப்போம். அடுத்த வருடம் சேர்ந்தால் உங்களுக்கு 34. முடிக்கும்போது 37. அப்புறம் வக்கீல்களைப் பதிவு செய்கிற தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். இந்தச் செலவு இப்போது பெரிய பிரச்சினை இல்லை. பல மாநிலங்களில் பார் கவுன்சில்கள் பதிவுக்குப் பல ஆயிரம் வாங்கிக்கொண்டிருந்தன. வழக்கறிஞர் சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்புச் சொன்னது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். பதிவுக்குப் பிறகு அகில இந்திய பார் தேர்வு. சட்டப் புத்தகத்தை, அதாவது உரையில்லாத வெறும் சட்ட வாசகத்தை, கையில் வைத்துக்கொண்டே எழுதலாம். ஒழுங்காகப் படித்தவர்களுக்கு அது கஷ்டமில்லை.

கஷ்டம் அதற்குப் பிறகு வருகிறது. ஒரு சீனியரிடம் குறைந்தது மூன்று வருடம் இருந்தால்தான் தொழில் பிடிபடும். வாய்தா வாங்குவது, எதிருரை தயாரிப்பது, குமாஸ்தாவோடு போய் நகல் மனு போடுவது, குறுக்கு விசாரணையில் சீனியர் எந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டார் என்று கவனிப்பது, இவை கல்லூரியில் கிடைக்காது. ஜூனியர்களுக்கு மாத உதவித்தொகையாகச் சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொல்லியிருக்கிறது. நல்ல உத்தரவு, நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் உங்கள் வீட்டு பட்ஜெட்டில் அந்த 15,000 ரூபாயை உறுதியான வரவாக எழுதாதீர்கள். தாலுகா கோர்ட்டுகளில் ஜூனியருக்கு வண்டிக்குப் பெட்ரோல் காசும் மதியச் சாப்பாடும் மட்டும் கிடைக்கிற ஆபீஸ்கள் நிறைய உண்டு. ஆக, சொந்தக் கட்சிக்காரர்கள் நாலு பேர் உங்கள் பெயரைச் சொல்லித் தேடி வரும்போது உங்களுக்கு நாற்பது ஆகியிருக்கும். மூன்று வருடம் என்று நினைத்தது ஆறு, ஆறரை வருடம்.

இதைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். ஆறரை வருடத்துக்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள், அவ்வளவுதான். அரசு சட்டக் கல்லூரிக் கட்டணம் மிகக் குறைவு, அதற்காகக் கல்விக்கடன் தேட வேண்டிய அவசியமே வராது. நீங்கள் இழக்கப்போகிற சம்பளம்தான் நிஜமான செலவு. 48,000 வீதம் 36 மாதத்துக்கு 17,28,000 ரூபாய், படிக்கிற காலத்துக்கு மட்டும். எதிர்ப்பக்கத்தில் என்ன இருக்கிறது? ஊரில் சொந்த வீடு, வாடகை இல்லை. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வயல் இருந்தால் கார், பிசானம் என்கிற இரண்டு நெல் போகத்திலும் வீட்டுக்கு அரிசி வந்துவிடும். மனைவிக்கு அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் பள்ளி வேலை கிடைக்கலாம், ஆனால் சென்னைச் சம்பளம் கிடைக்காது. அவர் வேலை உறுதியான பிறகு நீங்கள் ராஜினாமா எழுதுங்கள். இந்த வரிசை மாறக்கூடாது.

கம்பெனியிலிருந்து வர வேண்டியதையும் கணக்கில் சேருங்கள். ஐந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவருக்குப் பணிக்கொடை உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 24,000 என்று வைத்துக்கொண்டால், அதைப் பதினைந்தால் பெருக்கி, 26ஆல் வகுத்து, பதினோரு வருடத்தால் பெருக்க வேண்டும். ஒன்றரை லட்சம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வரும். பி.எஃப். பணத்தில் பென்ஷன் பகுதியைப் பத்து வருடம் தாண்டியவர்கள் ரொக்கமாக எடுக்க முடியாது. அதற்கு ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைத்துக்கொண்டால் 58 வயதில் பென்ஷன் வரும். இன்னொன்று, கம்பெனி குரூப் மருத்துவக் காப்பீடு வேலையோடு சேர்ந்து போய்விடும். வேலையில் இருக்கும்போதே குடும்பத்துக்குத் தனியாக ஒரு பாலிசி எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருடம் வரைக்கும் போகும் என்பதால், தள்ளிப்போட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

"வேலையில் இருந்துகொண்டே எல்.எல்.பி. முடிக்க முடியாதா?" இந்தக் கேள்வி உங்களுக்கும் மனதில் இருக்கும். முடியாது, தம்பி. சட்டப் படிப்பைக் கரஸில், அதாவது தபால்வழியில், நடத்த அனுமதி இல்லை. தொலைநிலைக் கல்வியில் பி.ஜி.எல். என்று ஒரு பட்டம் பல காலமாக இருந்தது. அதை வைத்துப் பார் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. அதைப் படித்துவிட்டுக் கறுப்புக் கோட்டு போடலாம் என்று நம்பி ஏமாந்தவர்கள் நம்ம மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. வெளிமாநிலத்தில் சேர்ந்தால் வருகையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சில ஏஜெண்டுகள் பேசுவார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். வகுப்புக்கே போகாமல் வாங்குகிற சட்டப் பட்டங்களைச் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்திருக்கிறது. நாளைக்கு உங்கள் பதிவையே யாராவது கேள்வி கேட்டால் நாற்பது வயதில் நடுத்தெருவில் நிற்க வேண்டியிருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று யு.ஜி.சி. 2022இல் அனுமதி கொடுத்ததைச் சிலர் காட்டுவார்கள். சட்டப் படிப்புக்குப் பார் கவுன்சிலின் சொந்த விதி இருக்கிறது. எல்.எல்.பி.யோடு இன்னொரு ரெகுலர் பட்டம் படிக்க அது விடாது, கரஸில் ஒன்று படித்தால் ஆட்சேபம் இல்லை. பதிவு செய்த பிறகும் முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டு வக்கீலாகத் தொழில் செய்ய முடியாது.

சேர்க்கை முறை எளிது. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் விண்ணப்பம் வாங்கி, நுழைவுத் தேர்வு இல்லாமல் பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்தே தரவரிசை போடுகிறது. பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம் அடிப்படைத் தகுதி. ஆனால் அடிப்படைத் தகுதி வேறு, நெல்லைக் கல்லூரியில் இடம் கிடைக்கிற மதிப்பெண் வேறு. அரியர் எல்லாம் வைத்து முடித்த பி.இ. என்றால் திருநெல்வேலிக்குப் பதிலாக வேறு ஊர் அரசு சட்டக் கல்லூரி ஒதுக்கப்படலாம். அப்போது விடுதிச் செலவு, வீட்டை விட்டு இருப்பது என்று கணக்கு மாறும். கல்லிடைக்குறிச்சியிலிருந்து செங்கோட்டை லைன் ரயிலைப் பிடித்துத் தினமும் போய்வரலாம் என்று நீங்கள் போட்டிருக்கிற திட்டத்துக்கு இடம் எங்கே கிடைக்கிறது என்பதுதான் ஆதாரம்.

இப்போது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிற விஷயம். உங்கள் பி.இ. பட்டத்தையும் பதினோரு வருட அனுபவத்தையும் கைவிட்டுவிட்டு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி நினைக்காதீர்கள். இந்தப் பக்கத்துக் கோர்ட்டுகளில் மெக்கானிக்கல் தெரிந்த வக்கீலுக்கு நல்ல தேவை இருக்கிறது. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி போகிற நாலு வழிச்சாலை நம்ம மாவட்டத்துக்குள்ளேதான் ஓடுகிறது. விபத்து இழப்பீட்டு வழக்குகள் எப்போதும் உண்டு. மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையில் பிரேக் பற்றி ஒரு வரி இருக்கும். பல வக்கீல்கள் அதைப் படித்துவிட்டுத் தாண்டிப் போவார்கள். நீங்கள் அந்த வரியில் நின்று, எந்த பாகம், எப்படித் தேய்ந்தால் அப்படி ஆகும் என்று கேட்பீர்கள். வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகள் நிற்கிற நிலங்களின் குத்தகை, பராமரிப்பு ஒப்பந்தம், இழப்பீடு எல்லாமே இயந்திரமும் சட்டமும் சேர்ந்த விவகாரங்கள். கங்கைகொண்டான் சிப்காட்டில் சூரிய மின்தகட்டு ஆலை வந்துவிட்டது. தூத்துக்குடியில் துறைமுகம், இப்போது மின்சார கார் ஆலையும். இயந்திரம் வாங்கியதில் தகராறு, ஒப்பந்தத் தகராறு, தொழிலாளர் இழப்பீடு என்று வேலை இருந்துகொண்டே இருக்கும். நில வழக்குக்கு இங்கே நூறு வக்கீல்கள் இருக்கிறோம். உங்கள் இடம் இயந்திரத்தின் பக்கத்தில் இருக்கிறது.

இதனோடு சேர்த்து இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சட்டம் தொட்ட சில வேலைகளுக்கு உங்களுக்கு இரண்டாவது பட்டமே வேண்டாம். 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி காப்புரிமை விண்ணப்பங்களைக் கையாள்கிற பேட்டண்ட் ஏஜெண்டாக அறிவியல் அல்லது பொறியியல் பட்டமும் ஒரு தேர்வும் போதும், எல்.எல்.பி. தேவையில்லை. வருடா வருடம் தவறாமல் நடக்கிற தேர்வு இல்லை, அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டும். அதே மாதிரி, இயந்திரங்களுக்கு மதிப்புப் போடுகிற பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் ஆக மெக்கானிக்கல் பட்டமும் ஐந்து வருட அனுபவமும் இருந்தால் ஒரு குறுகிய பயிற்சியும் தேர்வும்தான் பாக்கி. காப்பீட்டுச் சர்வேயர் உரிமத்துக்கும் பொறியியல் பட்டம் தகுதி. இதற்கெல்லாம் வேலையில் இருந்துகொண்டே தயாராகலாம். உங்கள் கணக்கில் ஆறரை வருடம் தாங்காது என்று தெரிந்தால், நான் முதலில் காட்டுகிற கதவு இவைதான். எல்.எல்.பி.யைப் பிறகு சேர்த்துக்கொண்டாலும் இவை வீண் போகாது.

பி.எட். பற்றி. இரண்டு வருடம். பொறியியல் பட்டதாரிகளும் 55 சதவீதம் இருந்தால் சேரலாம் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழும விதியில் இருக்கிறது. ஆனால் அரசுப் பள்ளி என்றால் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு, அதன் பிறகு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு, காலியிட அறிவிப்பு என்று காத்திருப்பு நீளும். தனியார் பள்ளிச் சம்பளம் என்ன என்பதை உங்கள் வீட்டிலேயே கேட்டுக்கொள்ளலாம். கற்றுக்கொடுப்பதில் ஆசை இருப்பதாக நீங்கள் ஒரு இடத்திலும் எழுதவில்லை. ஆசை இல்லாமல் வகுப்பறைக்குப் போகாதீர்கள், அது பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம்.

எம்.சி.ஏ. இப்போது இரண்டு வருடம்தான், டான்செட் நுழைவுத் தேர்வு எழுதிப் போகலாம். கணினி வேலைக்குப் போக விருப்பம் என்றால் பட்டத்தைவிடக் கையில் செய்துகாட்டுகிற வேலைக்குத்தான் மதிப்பு. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் இருக்கிற ஜோஹோ, பட்டம் இல்லாத பிள்ளைகளையே பயிற்றுவித்து வேலைக்கு எடுத்துப் பெயர் வாங்கிய நிறுவனம். உங்கள் கேள்வியில் இது பட்டியலுக்காகச் சேர்ந்த பெயர் மாதிரித்தான் தெரிகிறது. விட்டுவிடலாம்.

சரி, சட்டம்தான் என்று வைத்துக்கொள்வோம். ராஜினாமாவுக்கு முன்னால் ஒரு வாரம் லீவு போட்டு ஊருக்கு வாருங்கள். கோர்ட் நடவடிக்கை பொதுமக்கள் பார்க்கக்கூடியது. உங்கள் அப்பா வழக்கு இல்லாத ஒரு கோர்ட்டில், பாளையங்கோட்டையிலோ சேரன்மகாதேவியிலோ, காலையிலிருந்து மாலை வரை பின் பெஞ்சில் உட்காருங்கள். பாதி நாள் வாய்தாவிலேயே போகும். அந்த அலுப்பையும் தாண்டி, ஒரு சாட்சியை விசாரிக்கும்போது உங்களுக்குக் காது நிமிர்கிறதா என்று பாருங்கள். பதிவு செய்து இரண்டு மூன்று வருடம் ஆன ஜூனியர்களோடு டீக்கடையில் பேசுங்கள். சீனியர்களிடம் கேட்டால் நாங்கள் தொழிலின் பெருமையைச் சொல்வோம், ஜூனியர்கள் போன மாதம் கையில் வந்ததைச் சொல்வார்கள். உங்களுக்கு இரண்டாவதுதான் தேவை. இரவில் சொத்து மாற்றுச் சட்டத்தையும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தையும் வெறும் வாசகமாக எடுத்து இருபது பக்கம் படியுங்கள். தூக்கம் வருகிறதா, கேள்வி வருகிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அப்பாவின் வழக்கை நடத்துவதற்காகவே சட்டம் படிக்க நினைத்தால் வேண்டாம். நீங்கள் வக்கீலாகி வருவதற்குள் அந்த வழக்கு முடிந்திருக்கலாம். தன் வழக்கைத் தானே நடத்த யாருக்கும் உரிமை உண்டு, அப்பாவுக்கும் உண்டு. ஊரார் வழக்கை உங்கள் வழக்கு மாதிரி நினைத்துப் படிக்கிற மனது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். கோர்ட் அலைச்சலைப் பற்றி எழுதிய இடத்தில், உங்கள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டிக்கு நீங்கள் வாய்தா தேதியைப் படித்துச் சொன்னதையும் எழுதியிருந்தீர்களே, அதை வைத்துச் சொல்கிறேன்.

நீதிபதி ஆகலாமா என்று கேட்டிருந்தீர்கள். சிவில் நீதிபதித் தேர்வுக்கு மூன்று வருட வக்கீல் அனுபவம் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் மறுபடியும் கொண்டுவந்துவிட்டது. உங்களுக்கு அது நாற்பது வயதில் வரும். பிரிவுவாரியாக வயது வரம்பு இருக்கிறது, அறிவிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

படிப்பு பற்றிச் சில நடைமுறை விஷயங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் மாறிவிட்டன. தெரிந்தவர்கள் அன்போடு கொடுக்கிற பழைய நோட்ஸைக் குற்றவியல் பாடத்துக்கு நம்பாதீர்கள். அப்புறம், கையால் எழுதிப் பழகுங்கள். பதினோரு வருடம் கீபோர்டில் தட்டியவருக்கு மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதினால் முதல் செமஸ்டரில் விரல் விட்டுப்போகும். தினம் ஒரு பக்கம் இப்போதிருந்தே எழுதுங்கள். கீழ்க் கோர்ட்டுகளில் தமிழ் ஓடும், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனால் ஆங்கிலம் வேண்டும். இரண்டிலும் மனு எழுதப் பழகினால்தான் 2004இல் மதுரையில் கிளை வந்ததன் பலன் உங்களுக்கும் கிடைக்கும்.

என் முடிவைக் கேட்டீர்கள் என்றால், மனைவிக்கு வேலை உறுதியாகி, கடன் தவணை எதுவும் இல்லாமல், இரண்டு வருட வீட்டுச் செலவு தனியாக வங்கியில் இருந்தால் சேருங்கள். அதில் ஒன்று குறைந்தாலும் ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். அந்த வருடத்தில் மதிப்பீட்டாளர் தேர்வை முடித்துவிடுங்கள். படிக்கிற காலத்தில் விடுமுறை நாட்களில் கொஞ்சம் வருமானத்துக்கும் அது உதவும்.

மே மாதத்திலிருந்து சட்டப் பல்கலைக்கழகத் தளத்தைப் பார்த்து வாருங்கள். பட்டச் சான்று, எல்லாச் செமஸ்டர் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, பிளஸ் டூ சான்று எல்லாவற்றிலும் பெயரும் இன்ஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே சரிபாருங்கள். மூலச் சான்றிதழ் எதையாவது கம்பெனி வாங்கி வைத்திருந்தால் ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே திரும்ப வாங்குங்கள். டிசி கையில் இல்லையென்றால் நீங்கள் படித்த பொறியியல் கல்லூரிக்கு நேரிலேயே ஒரு நடை போய்விட்டு வாருங்கள், போனில் கேட்டால் நாளை, மறுநாள் என்றுதான் சொல்வார்கள்.